முற்றுப்புள்ளி வரைக்கும் படிப்போம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



இங்கிலீஷ் இலக்கணம் பத்திப் பேசச் சொன்னாங்க. விடியக்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்களுக்கு இலக்கணம் எதுக்கு? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு கடன் தாளில் கையெழுத்துப் போடும் வரை.

அந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொன்னவர், "வட்டி மாறாது" என்றார். கையெழுத்துப் போட்டேன். சில மாதத்தில் வட்டி ஏறியது. போய்க் கேட்டால் அதே தாளைக் காட்டினார்கள். என் மகள் அதை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தாள். "வட்டி மாறாது, அன்லெஸ்..." என்று போனது. அதாவது, கடன் கொடுத்தவர் மாற்றினால் ஒழிய மாறாது. எனக்குச் சொல்லப்பட்டது முன்பாதி மட்டும்.

தமிழில் நிபந்தனை முன்னால் வரும், முடிவு கடைசியில் வரும். "மழை பெய்தால் வேலை இல்லை" என்போம். "மழை பெய்தால்" என்று நிறுத்தினால், "பெய்தால் என்ன?" என்று கேட்போம். அது தனியாக நிற்காத துணை வாக்கியம். "வேலை இல்லை" என்பது தனியாக நிற்கும் முதன்மை வாக்கியம். இங்கிலீஷில் இந்த இரண்டுக்கும் 'கிளாஸ்' என்று பெயர். ஒப்பந்தத்தில் வரும் ஷரத்துக்கும் அதே பெயர்தான். அந்த மொழியில் முதன்மை முன்னால் வந்து, நிபந்தனை பின்னால் வரலாம்: "வேலை இல்லை, மழை பெய்தால்." பாதியிலேயே பேச்சு முடிந்த மாதிரி தெரியும். நாமும் அங்கேயே நிறுத்திவிடுவோம். ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

அதனால் நாலு சொல்லை மனசில் வைங்க. 'இஃப்' என்றால் நம்ம '-ஆல்': கட்டினால், தவறினால். 'அன்லெஸ்' என்றால் 'ஒழிய'. 'இல்லை' அதுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும். 'எக்செப்ட்' என்றால் 'தவிர'. 'ப்ரொவைடட் தட்' என்றால் 'இந்த நிபந்தனைப்படி இருந்தால் மட்டும்'. இதில் எது வந்தாலும் முற்றுப்புள்ளி வரைக்கும் போங்க.

அடுத்தது, யார் கட்டணும் என்று பாருங்க. 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று இருந்தால், சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அர்த்தம். பத்துப் பேர் அப்படிக் கையெழுத்துப் போட்டு ஒன்பது பேர் கட்டாவிட்டால், மீதியிருக்கும் ஒருத்தியிடமே முழுத்தொகையும் கேட்கலாம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். விளக்கியும் சொல்ல வேண்டும். கூச்சப்படாமல், "தமிழில் கொடுங்க சார்" என்று கேளுங்க.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற இங்கிலீஷ் தாள் ஒன்றை எடுத்து வாங்க. படிக்கிற பிள்ளைகளையும் கூட்டி வாங்க. ஆளுக்கொரு வாக்கியம், கடைசி வரைக்கும் படிப்போம்.