கைரேகையும் கற்பலகையும்

(உசிலம்பட்டிப் பொதுக்கூட்ட உரை)



குற்றம் மலிந்த பகுதி என்று வரைபடத்தில் வட்டமிடுவது எளிது; அந்த வட்டத்துக்குள் வாழும் மக்களுக்கு வாழ்வளிப்பதுதான் அரிது. அங்கே குற்றத்தைத் தடுக்க அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்கின்றனர். ஒதுக்கட்டும்! ஆனால் எதற்கு? விடைகூற, உசிலம்பட்டியைவிட உரிமை பெற்ற ஊர் ஏது?

வெள்ளையன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தான். 1911இல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். பிறமலைக் கள்ளர் அனைவரும் குற்றவாளிகளாம்! தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அதே பட்டமாம்! ஆடவர் விரல்கள் மையில் தோய்ந்தன. இரவிலே காவல் நிலையத்தில் படுக்கை. ஊர் தாண்ட ராதாரிச் சீட்டு! ரேகை வைக்க மறுத்தது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. மாண்டவர் 16 பேர். மாயக்காள் எனும் மங்கையும் அவருள் ஒருவர்.

அதே காலத்தில், அரசின் மற்றொரு கை, கள்ளர் சீரமைப்பு என்ற பெயரால் பள்ளி திறந்தது. ஒரு கையில் மைத்தட்டு, மறு கையில் கற்பலகை! வென்றது எது? சட்டம் 1947இல் இம்மாகாணத்தில் மடிந்தது. பள்ளிகளோ மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 200க்கு மேல் வளர்ந்தன. ரேகை வைத்தவரின் பேரப்பிள்ளைகளை ஆசிரியராக்கின, அலுவலராக்கின.

பெரியாற்று நீர் 1895இல் வந்தது. மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. உசிலம்பட்டிப் புஞ்சையின் பெரும்பகுதி வானம் பார்த்தே கிடந்தது. நீர் தராதவன் நீதி பேசினான்!

களவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை நான். திருடனைப் பிடி, தண்டி. ஊரையே திருடனாக்காதே என்கிறேன்.

இன்றைய நிலை என்ன? சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும் கல்வி, உடல்நலம், பிழைப்பு, வீடு தருவோம் என்று மத்திய அரசு 2022இல் ‘சீட்’ திட்டம் அறிவித்தது. தொகை, ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாய். இம்மக்கள் இந்தியாவில் 10 கோடிக்கு மேல் என்று 2008இல் மதிப்பிட்டது ரெங்கே ஆணையம். வகுத்துப் பாருங்கள், தோழர்களே! ஐந்தாண்டுக்கும் சேர்த்துத் தலைக்கு 20 ரூபாய்கூட இல்லை! இதுவா பரிகாரம்?

கிராம சபை கூடும்போது எழுந்து நின்று கேளுங்கள். நம் ஊர் பெயரால் வந்த பணம் எவ்வளவு? ஜீப்புக்கும் கேமராவுக்கும் போனது எவ்வளவு? பள்ளிக்கும் விடுதிக்கும் வாய்க்காலுக்கும் வந்தது எவ்வளவு? கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள்!

இம்மண்ணின் பிள்ளைகள் விரலில் மை படட்டும். அது எழுதுகோலின் மையாக இருக்கட்டும்!