கங்கை கடலைச் சேரும் இடம்



திருகோணமலை யாத்திரை என்றால் நமக்கு ஒரு வழக்கமான ஒழுங்கு உண்டு. காலையில் கோணேசர் தரிசனம். இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தல். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் முழுக்கு. மாலையில் நிலாவெளிக் கடல். அத்தோடு பஸ் திரும்பிவிடும். இவை யாவும் வேண்டியவையே. 1624இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயில் 1963இல் மீண்டும் கும்பாபிஷேகம் கண்டதை அந்தப் பாறைமேல் நின்று நினைக்கும்போது யாருக்குத்தான் மெய் சிலிர்க்காது? ஆயினும், கொட்டியாரக் குடாவின் தென்கரையைக் காணாமலே பலரும் திரும்புகின்றனர். இம்முறை யாத்திரையை இரண்டு நாளாக்க வேண்டுமென்று செயற்குழுவை நாங்கள் கேட்பது அதற்காகவே.

"ஆற்றைப் பார்க்க ஒரு நாட் செலவா?" என்று பெரியவர்கள் சிலர் வினவினர். நியாயமான கேள்விதான். ஆனால் இது எல்லா ஆறும் போன்றதன்று. மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து மகாவலி கங்கை கடலிற் கலப்பது அங்கேதான். யுகயுகமாக மலைமண்ணை வாரிக் கொட்டியும் அந்தக் குடா தூர்ந்துபோகவில்லை. காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. குடாவிலிருந்து பெரும் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலை நோக்கிச் சரிந்து செல்கின்றது. ஆறு கொணரும் வண்டல் அதன் வழியே கீழிறங்குகின்றது. கரைக்கு இத்துணை அண்மையில் ஆழம் இருப்பதனாலேதான் நீலத் திமிங்கிலங்களும் அப்பக்கம் வருகின்றன. வைகாசி, ஆனி மாதங்களில் கோயிற் பாறையில் நின்று பொறுமையோடு நோக்கினால், அவை மூச்சுவிடும் நீர்த்தூணைக் காணவுங்கூடும். பிற தேசத்தார் இத்துறைமுகத்துக்காகப் போட்டியிட்ட கதை நீங்கள் பள்ளியிற் படித்ததே, அதை விட்டுவிடுவோம்.

முன்னாளில் மூதூர் போவதென்றால் துறைக்குத் துறை பாதைக்காகக் காத்திருக்க வேண்டும். 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லும் அவ்வூரவர்க்கு அது எத்துணை ஆறுதல்! நமக்கோ ஒரு நட்டம். பஸ்ஸிற் பாட்டும் தாளமுமாக இருப்போர் கங்கையைத் தாண்டியதையே அறியமாட்டார்கள். ஆகவே பாலத்தைக் கடந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து பார்க்கவேண்டும்.

1660இல் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞர் கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டது இந்தக் கொட்டியாரத்திலேதான். அப்போது அவருக்கு வயது 19. மேலும் 19 ஆண்டுகள் சிறையிருந்து தப்பிச் சென்று, நம் நாட்டைப்பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. நம் இளைஞர்கள் அந்தக் கரையில் நின்று அவர் வயதை எண்ணிப் பார்க்கட்டும்.

அங்கிருந்து வெருகல். மகாவலியின் கிளையாற்றங்கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில். கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் தங்கிச் செல்லும் தலம். மத்தியானச் சமையலை அங்கே வைத்துக்கொள்ளலாம். வாழையிலை நாமே கொண்டுபோவோம். பிளாஸ்டிக் கோப்பைகள் வேண்டாம். ஆவணித் திருவிழாக் காலத்திற் சனம் மிகுதியாதலால் ஆனியிற் புறப்படுவது நன்று. நீச்சல் தெரிந்த தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: முழுக்கெல்லாம் கன்னியாவோடு முடிந்துவிடவேண்டும். கங்கையில் முதலை உண்டு.