ஓர் இசைக்குழுவும் ஒரு சுவைஞரின் ஊடலும்



இன்றைய உரைக்குப் பொருளாவது தமிழ் இலக்கியம் அன்று. ஆர்.இ.எம். என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவும் அதனை நெடுங்காலம் பின்தொடர்ந்த சுவைஞரும் ஆவர். ஆயினும் இப்பொருள் இலக்கிய அன்பர்களுக்கு அயலானதன்று. ஒரு கலைஞரை இளமையில் விரும்பி, அவருடைய அடுத்தடுத்த படைப்புகளை எதிர்நோக்கி, சிலவற்றில் மகிழ்ந்து சிலவற்றில் மனம் நொந்து நிற்பது நூல் படிப்போர்க்கும் உரிய நிலையே. அந்த மனநோவு ஒரு வகையினதன்று. அதன் வகைகளைப் பிரித்தறியாது 'முன்போல் இல்லை' என்ற ஒரே தீர்ப்பை எல்லாவற்றுக்கும் வழங்கிவிடுவது, கலைஞருக்கு மட்டுமன்றிச் சுவைஞருக்கும் இழப்பாகவே முடியும். அந்த இழப்பின் தன்மையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்குக் கிழக்கே உள்ள பல்கலைக்கழக ஊர் ஏதென்ஸ். அங்கே இசைத்தட்டுக் கடை ஒன்றில் பணியாற்றிய பீட்டர் பக்கும், அக்கடைக்கு வந்துபோன மாணவர் மைக்கேல் ஸ்டைப்பும் நண்பராயினர். மைக் மில்ஸ், பில் பெர்ரி ஆகிய இருவரும் சேர, 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த பிறந்தநாள் விருந்தில் நால்வரும் முதன்முதலாக இசைத்தனர். 1981-இல் ஹிப்-டோன் என்னும் சிறு நிறுவனம் அவர்களுடைய முதல் தட்டை வெளியிட்டது. அதன்பின் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தின் வழியே 1983-இல் 'மர்மர்' என்னும் முதல் நெடுந்தட்டு வந்தது. பெருநிறுவனங்களின் விளம்பர வலிமையின்றி, கல்லூரி வானொலி நிலையங்களாலும் சிற்றரங்குகளாலும் பரவிய இவ்வகை இசையே பின்னாளில் இண்டி ராக் எனப் பெயர் பெற்றது.

'மர்மர்' என்ற சொல்லுக்கு முணுமுணுப்பு என்பது பொருள். தட்டும் அப்பெயருக்கு ஏற்றதே. ஸ்டைப்பின் குரல் இசைக்கருவிகளின் ஒலிக்குள் அமிழ்ந்து கிடக்கும். சொற்கள் தெளிவாகக் கேளா. தென்மாநிலங்களில் மரங்களையும் கட்டடங்களையும் மூடிப் படரும் குட்ஸு என்னும் கொடியே அதன் அட்டைப்படம். கொடிக்குள் மறைந்த நிலம் போலச் சொல்லும் ஒலிக்குள் மறைந்திருந்தது. அவ்வாண்டில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகெங்கும் விற்றுக்கொண்டிருக்க, 'ரோலிங் ஸ்டோன்' இதழின் திறனாய்வாளர்கள் 'மர்மர்' தட்டையே ஆண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தனர்.

1983-இல் அத்தட்டை வாங்கிய இருபது வயது மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் கற்பனை மாந்தரே. எனினும் அவரைப் போன்றோர் உண்மையில் பலர் இருந்தனர். கேளாத சொற்களுக்குத் தாமே சொற்கள் அமைத்துக்கொண்டார். விளங்காத இடங்களில் தம் வாழ்வை வைத்து நிரப்பிக்கொண்டார். பாடலில் பாதி அவருடையதாயிற்று. சுவைஞரின் உரிமையுணர்வு இவ்வாறுதான் பிறக்கிறது. பின்னாளைய மனநோவு அனைத்துக்கும் இந்த உரிமையே வித்து.

முதல் நோவு 1986-இல் வந்தது. 'லைஃப்ஸ் ரிச் பேஜண்ட்' என்னும் நான்காம் நெடுந்தட்டைத் தயாரித்த டான் கெமன், ஸ்டைப்பின் குரலை முன்னுக்குக் கொணர்ந்தார். சொற்கள் கேட்கலாயின. மூடுபனி விலகியபோது, பனியை விரும்பியவருக்கு அது குறையாகவே பட்டது. ஆனால் சொற்கள் கேட்க வேண்டிய தேவை அப்போது எழுந்திருந்தது. அத்தட்டில் உள்ள 'குயஹோகா' என்னும் பாடல் ஒஹையோ மாநிலத்து ஆற்றின் பெயர் கொண்டது. தொழிற்சாலைக் கழிவெண்ணெய் மிதந்து 1969-இல் தீப்பற்றி எரிந்த ஆறு அது. நிலத்தின் கேட்டைப் பாட வந்தவர் முணுமுணுத்துக் கொண்டிருத்தல் இயலாது. புதிர் போயிற்றே என்ற வருத்தம் சுவைஞருக்கு இயல்பே. எனினும் அது படைப்பின் தாழ்வாகாது.

இரண்டாம் நோவு கூட்டத்தால் வந்தது. 1988-இல் குழு வார்னர் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனத்தோடு இணைந்து 'கிரீன்' தட்டை வெளியிட்டது. 1991-இல் 'அவுட் ஆஃப் டைம்' அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. அதில் உள்ள 'லூஸிங் மை ரிலிஜன்' பாடலின் ஒளிப்படத்தை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். அப்பாடல் கடைத்தெருவெங்கும் ஒலித்தது. தமக்கும் நான்கு நண்பர்க்கும் மட்டுமே உரியதென்று கருதியிருந்த குரலை முன்பின் அறியாதோர் எல்லாம் முணுமுணுக்கக் கேட்டபோது, 'விலைபோயினர்' என்றார் சுவைஞர். சிற்றிதழில் எழுதி வந்தவர் பேரிதழில் எழுதத் தொடங்கும்போது நம்மிடையே எழும் குரலும் இதுவே அன்றோ?

ஆனால் பாடலைப் பார்க்க வேண்டும். ராக் இசைக்கு உரிய மின்கிட்டாரை விடுத்து மாண்டலினை முன்வைத்த பாடல் அது. திரும்பத் திரும்ப வந்து நெஞ்சில் பதியும் வழக்கமான பல்லவியும் அதற்கில்லை. சந்தைக்காக வளைந்த பாடலென்று அதனைக் கூற இயலாது; சந்தைதான் அதன்பால் வந்தது. புகழின் உச்சியில் நின்ற குழு, அடுத்த ஆண்டே 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' என்னும் தட்டை வெளியிட்டது. இறப்பு, மூப்பு, நினைவு ஆகியவற்றைப் பற்றிய மென்மையான பாடல்கள் பலவற்றைக் கொண்டது அது. அவற்றுள் சிலவற்றுக்கு நரம்பிசை அமைத்தவர் லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். இவ்விரு தட்டுகளுக்காகவும் குழு ஊர் ஊராகச் சுற்றி நிகழ்ச்சி நடத்தவில்லை. 1988-இல் சினந்து விலகிய சுவைஞர் இழந்தது இந்தத் தட்டையே. கூட்டத்தின்மேல் கொண்ட வெறுப்பால், தமக்கென்றே எழுதியது போன்ற பாடல்களை அவர் உரிய காலத்தில் கேளாது போனார். இழப்பு குழுவினுடையதன்று.

மூன்றாம் நோவு பிரிவினால் வந்தது. 1995 மார்ச் முதல் நாள், சுவிட்சர்லாந்தின் லொசான் நகர மேடையில் பில் பெர்ரிக்கு மூளையின் குருதிக்குழாய் வீக்கத்தால் பெருந்துன்பம் நேர்ந்தது. அறுவை மருத்துவத்தால் உயிர் பிழைத்த அவர், 1997-இல் குழுவைவிட்டு விலகி வேளாண்மையை மேற்கொண்டார். அதுவரை தாங்கள் இயற்றிய பாடல்கள் அனைத்துக்கும் நால்வர் பெயரையும் நிகராகவே பொறித்து வந்த குழு அது. ஒருவர் நீங்கியதும் 1998-இல் வந்த 'அப்' தட்டில் தாள இயந்திரங்கள் ஒலித்தன. ஒரு காலத்தில் சொற்களை மறைத்தவர்கள், பாடல்வரிகள் முழுவதையும் அத்தட்டில்தான் முதன்முறையாக அச்சிட்டனர். சுவைஞருக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆராய்ந்தால் அது மதிப்பீடன்று, துயரம். ஒருவரை இழந்த வீட்டில் எஞ்சியோர் தட்டுத்தடுமாறி வாழக் கற்பதுபோல் அமைந்த தட்டு அது. அந்தத் தடுமாற்றமே அதன் பொருள் என்பது துயரம் ஆறியபின் கேட்போர்க்குப் புலனாகும்.

நான்காவதே மெய்யான நோவு. 2004-இல் 'அரவுண்ட் த சன்' வந்தது. மெருகு இருந்தது, உயிர் குன்றியிருந்தது. பாடல்கள் ஒன்றுபோல் ஒன்று மெல்ல நகர்ந்தன. அமெரிக்கப் பட்டியலில் அது முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை. பின்னாளில் பீட்டர் பக்கே அத்தட்டில் சலிப்புற்றோரின் ஒலி கேட்கிறது என்னும் கருத்தை வெளியிட்டார். இங்கே சுவைஞரின் செவி சரியாகவே கேட்டது. 'இது குறைபாடுடையது' என்று அன்போடும் உறுதியோடும் சொல்ல வேண்டிய தருணம் அதுவே.

ஆனால் அச்சொல்லுக்கு அப்போது மதிப்பு இருந்ததா? 1986-இல் 'வீழ்ந்தனர்' என்றவர், 1988-இல் 'விலைபோயினர்' என்றவர், 1998-இல் 'முடிந்தது' என்றவர், 2004-இல் உண்மையைச் சொன்னபோது கேட்பார் யார்? 'புலி வருகிறது' என்று பலமுறை கூவிய சிறுவன் கதை நாம் அறியாததன்று. தெளிவைக் கண்டு நொந்ததும், கூட்டத்தைக் கண்டு நொந்ததும், பிரிவால் நொந்ததும், படைப்பின் தாழ்வால் நொந்ததும் வெவ்வேறு. முதல் மூன்றும் சுவைஞரின் உள்ளத்தில் நிகழ்பவை. நான்காவது ஒன்றே படைப்பில் உள்ளது. இந்த வேற்றுமையை அறிந்தவருடைய சொல்லே திறனாய்வாகும்.

குழுவினர் தம் தாழ்வைத் தாமே உணர்ந்தனர். 2007-இல் டப்ளின் நகர ஒலிம்பியா அரங்கில் ஐந்து இரவுகள், முடிவுறாத புதுப்பாடல்களை அவையோர் முன்னிலையில் இசைத்துப் பயின்றனர். அதன் பயனாக 2008-இல் வந்த 'அக்செலரேட்', ஏறத்தாழ 34 நிமிடங்களே ஓடும் விரைவும் முறுக்கும் கொண்ட தட்டு. 2011-இல் 'கொலாப்ஸ் இண்டு நவ்' வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், பூசலின்றி, தாமே முடிவுசெய்து குழுவைக் கலைத்தனர். நியூயார்க்கில் 2024-இல் பாடலாசிரியர்களுக்கான சிறப்பு விழா ஒன்றில் நால்வரும் ஒருசேர நின்று, மாண்டலின் ஒலிக்கும் அந்த ஒரு பாடலை மட்டும் இசைத்தனர்.

எதிர்பார்ப்பதற்கு இனித் தட்டு ஏதும் இல்லை என்றான பின்னர், சுவைஞர் பழையவற்றை மீண்டும் கேட்கலாம். இருபது வயதில் பனியாய் இனித்த 'மர்மர்' இன்றும் இனிக்கும். வெறுத்து ஒதுக்கிய 'ஆட்டோமேட்டிக்' ஐம்பதைக் கடந்தவருக்கு நெருங்கிய துணையாகும். 'அரவுண்ட் த சன்' மட்டும் அப்படியே இருக்கும். ஒலித்தட்டில் ஓர் ஒலியும் மாறவில்லை. கேட்கும் உள்ளமே மாறிற்று.

சுவைஞரின் சினத்துக்குத் தமிழில் பொருத்தமான பெயர் உண்டு. அது பகை அன்று, ஊடல். உரிமையுள்ள இடத்திலேயே ஊடல் தோன்றும். திருக்குறளின் காமத்துப்பால் 'ஊடலுவகை' என்னும் அதிகாரத்தோடு நிறைவுறுவது ஈண்டு எண்ணத்தக்கது. ஆனால் ஊடல் உவகையில் முடிய வேண்டுமாயின், எதற்காக ஊடினோம் என்பதை ஊடியவர் அறிந்திருத்தல் வேண்டும். இசைக்கும் இலக்கியத்துக்கும் இது பொது.