சிரட்டைப் பாலும் கண்ணாடிப் படலமும்

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இருப்பவர்கள் சிரட்டையின் அடியில் காய்ந்து கிடக்கும் பாலை உரித்தெடுத்திருப்பீர்கள். அம்மாவோடு மரம் மரமாய்ப் போய் நானும் உரித்திருக்கிறேன். சுத்தமான சிரட்டையில் ஒரே தோலாய் வரும். மண் ஒட்டியிருந்தால் பிய்ந்துவிடும். ஆய்வுகூடத்தில் கண்ணாடிமேல் மெல்லிய படலம் பூசி மின்வாய் செய்யும்போதெல்லாம் அந்தச் சிரட்டைதான் நினைவுக்கு வருகிறது.

மின்வாய் என்பது மின்சாரம் நுழைகிற, வெளியேறுகிற வாசல். 1991இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் ஓரிகன், கிரெட்சல் என்ற இரு விஞ்ஞானிகள் சாயம் ஊறிய வெண்படலமொன்றால் வெயிலை மின்சாரமாக்கிக் காட்டினார்கள். நாங்கள் மாணவர்களுக்குச் செய்து காட்டுவதும் அதையே.

மின்கடத்தும் கண்ணாடியின் ஒரு முகத்தில் மட்டும் தகர ஒட்சைட்டுப் பூச்சு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மல்ட்டிமீற்றர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முகத்தின் விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டி, நடுவில் டைட்டேனியம் டை ஒக்சைட் பசையைக் கண்ணாடிக் கோலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறோம். காய்ந்தபின் மிஞ்சுவது பத்து மைக்ரோமீற்றர் அளவுப் படலம், தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கு இருக்கலாம்.

அடுத்தது சூளை. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். 450 பாகைக்குச் சூடேறும்போது வெள்ளைப் படலம் மெல்லக் கபில நிறமாகும். முதன்முதல் பார்க்கும் பிள்ளைகள், “கருகிப்போச்சு சேர்!” என்று பதறுவார்கள். பசைக்காகச் சேர்த்த பொருள்தான் எரிகிறது. அரைமணி நேரத்தில் படலம் மறுபடி வெளுத்துவிடும். அதற்குள் நுண்துகள்கள் ஒன்றையொன்று கழுத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும். இலத்திரன் நடந்துபோக அதுவே பாதை. இடையில் விட்ட ஓட்டைகளால் சாயம் பற்றும் பரப்பு பல நூறு மடங்காகிறது. ஒருமுறை அவசரப்பட்டுச் சூட்டோடு வெளியே எடுத்தோம், படலம் செதில் செதிலாய் உதிர்ந்தது. இப்போது சூளை தானாக ஆறும்வரை யாரும் கதவைத் தொடுவதில்லை.

சாயத்துக்கு மங்குஸ்தான் தோலோ செவ்வரத்தம்பூவோ போதும். கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோனும் குழுவினரும் 1995இல் பூக்களில் உள்ள சயனிடின் சாயத்தையே எடுத்து, கண்ணாடிகளுக்கு இடையே வழக்கமாய் விடும் அயடீன் கரைசலுக்குப் பதில் செப்பு அயடைட்டு நிரப்பித் திண்மக் கலமே செய்தார்கள். அதை வாசித்த நாளில் நான் பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

நேரம் நெருங்குகிறது. எதிர்ப்பக்கக் கண்ணாடிக்குக் காரீயம், அதாவது கிரபைற்று, தேய்த்தால் போதும், அயடீன் கரைசலுக்கு இலத்திரனைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். காரீயம் எங்கே இருக்கிறது? நம் கேகாலை போகலச் சுரங்கத்தில், பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாய், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் சுத்தமான காபனாக. வெண்பொடிக்கு வேண்டிய டைட்டேனியமும் புல்மோட்டை மணலில் இருக்கிறது.

இரண்டு கண்ணாடிகளையும் சேர்த்து வெயிலில் பிடித்தால் மீற்றர் 0.4 வோல்ற் வரை காட்டும். அந்த முள் அசைவதைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் முற்றத்திலேயே ஒருநாள் பார்க்க வேண்டும், மங்குஸ்தான் பருவத்திலேயே.