நெல்லிக்கனி கொடுத்த மண்ணுங்க இது!

நான் பென்னாகரத்திலிருந்து வருகிறேன். ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி.

‘அன்பு என்பது அள்ளிக் கொடுப்பதா, அளந்து கொடுப்பதா?’ என்பது தலைப்பு. எதிரணி அண்ணன், ‘அளந்து கொடுத்தா அதுக்குப் பேரு ரேஷன், அன்பு இல்லே’ன்னு சொல்லிக் கைத்தட்டல் வாங்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு இந்த விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது ஒரு பூனைங்க ஐயா!

எங்க வீட்டுப் பூனை பேரு சின்னான். குட்டியா ஓட்டு மேலேயிருந்து விழுந்தப்போ உள்ளங்கையிலே அடங்கிச்சு, அதனால அந்தப் பேரு. இப்போ அது திண்ணையிலே படுத்தா, திண்ணையிலே வேற யாரும் உட்கார முடியாது. (சிரிப்பு)

நடுவர்: அப்படி என்னம்மா போட்டு வளர்த்தீங்க?

நான் போடலீங்க ஐயா, எங்க மாமியார். காலையிலே பால், பத்து மணிக்கு பிஸ்கட், மத்தியானம் நெய்ச்சோறு, ராத்திரி கருவாடு. கேட்டா, ‘வாயில்லா ஜீவன்டி’ம்பாங்க. வாய் மட்டும்தான் இருந்துச்சு ஐயா அதுக்கு! (பலத்த சிரிப்பு) மாவு மில் தராசிலே தக்காளிக் கூடையோட வச்சு, கூடை எடையைக் கழிச்சுப் பார்த்தோம். எட்டு கிலோ! சாதாரணமா ஒரு வீட்டுப் பூனை நாலு, அஞ்சு கிலோதான் இருக்கும்.

குதிக்க முடியலே. முதுகை நக்கிச் சுத்தம் பண்ணிக்க முடியலே. எனக்குக் கோபம். ரெண்டு நாள் கிண்ணத்தையே ஒளிச்சு வச்சிட்டேன். அப்புறம் பயந்துபோய் கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டு ஓடினோம். அவர் என்னைத்தான் முதலில் திட்டினார். ‘குண்டுப் பூனையைத் திடீர்னு பட்டினி போட்டா, உடம்பிலே இருக்கிற கொழுப்பெல்லாம் ஈரலிலே போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்’ என்றார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே சரியாகச் செரிக்காதாம். பூனை மாமிசம் தின்னப் பிறந்த ஜீவன், சோறு அதுக்குத் தேவையே இல்லையாம். கருத்தடை பண்ணின பூனைக்கு இன்னும் குறைவாகவே தீனி போதுமாம். கடைசியா, ‘இப்படியே விட்டா சர்க்கரை வியாதி வரும்மா’ என்றார்.

அதுவரைக்கும் மருத்துவரோட சண்டை போட்டுக்கிட்டிருந்த மாமியார், சட்டுனு அமைதியாயிட்டாங்க. வழியெல்லாம் பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னாங்க: “உங்க மாமாவுக்கும் நான்தாம்மா கொடுத்தேன். ‘ஒரு ஸ்பூன் சர்க்கரை போடு’ன்னு அவர் கேக்கும்போது மனசு வராம போட்டுட்டேன். கால் எடுக்கிற வரைக்கும் போட்டுக்கிட்டேதான் இருந்தேன்.” (அரங்கில் அமைதி)

ஐயா, மாமா இறந்து, பேரப்பிள்ளைங்க ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனப்புறம், அவங்க கையாலே வாங்கிச் சாப்பிட அந்த வீட்டிலே மிச்சம் இருந்தது அந்தப் பூனை ஒண்ணுதான். அது எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

ஆஸ்திரேலியாவிலே ஹிம்மின்னு ஒரு பூனை. 1986ல் இறந்தபோது 21.3 கிலோ. தள்ளுவண்டியிலே வச்சுத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்களாம். அதுக்கப்புறம், சாதனை ஆசையிலே ஜனங்க பூனைக்கு அள்ளிப் போட்டுடுவாங்கன்னு, கின்னஸ்காரங்களே அந்தப் பிரிவை நிறுத்திட்டாங்க. அள்ளிக் கொடுத்தா சாதனை வரும் ஐயா, ஆயுசு வராது! (கைத்தட்டல்)

இப்போ எங்க வீட்டிலே ஒரு சின்னக் கிண்ணம். மருத்துவர் சொன்ன அளவு, வேளாவேளைக்கு. அளந்து போடறது யாரு தெரியுங்களா? மாமியாரேதான்! அது வந்து காலைச் சுத்தினா, முன்னே மாதிரி கருவாட்டைத் தேட மாட்டாங்க. ஒரு கயித்திலே துணியைக் கட்டி இழுப்பாங்க. அது பின்னாலேயே ஓடும். மாசம் இருநூறு கிராம், அவ்வளவுதான் குறைஞ்சுது. பத்து மாசத்திலே ஆறு கிலோவுக்கு வந்துட்டுது. போன வாரம் ஓட்டு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது ஐயா! ‘எலேய், விழுந்துடாதடா’ன்னு கீழேயிருந்து மாமியார் கத்தறாங்க, கண்ணிலே தண்ணி. (கைத்தட்டல்)

இது தகடூர் ஐயா. அதியமான் ஆண்ட மண். ஔவைக்கு அவன் நெய்ச்சோறு கொடுத்ததை நாம நினைச்சு வச்சிருக்கோமா? ஆயுசை வளர்க்கிற ஒரே ஒரு நெல்லிக்கனி கொடுத்தான், அதைத்தான் நினைச்சு வச்சிருக்கோம்.

எதிரணிக்கு ஒண்ணே ஒண்ணு விட்டுக்கொடுக்கிறேன். சோத்தை அளந்து கொடுங்க, நேரத்தை அள்ளிக் கொடுங்க. பூனைக்கு மட்டும் சொல்லலே, வீட்டிலே தனியா உட்கார்ந்திருக்கிற பெரியவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

(நீண்ட கைத்தட்டல்)