பையில் இருப்பது தெரியாதவனுக்குத் தூக்கா?

(பாரோய் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலை முடிந்து களைப்போடு வந்திருக்கிறீர்கள். கோர்ட், தீர்ப்பு என்றாலே "அதெல்லாம் லாயர்மார் விஷயம், நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் போலீஸ் நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது பக்கத்தில் லாயர் இருப்பதில்லை. நாம்தான் இருக்கிறோம். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் மகன் கூட்டாளியின் மோட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு சிரம்பானுக்குப் போகிறான். வழியில் ரோட் பிளாக். இருக்கைக்கு அடியில் ஒரு பொட்டலம் கிடைக்கிறது. உள்ளே 50 கிராமுக்கு மேல் சியாபு. "அது என்னுடையதல்ல, எனக்குத் தெரியாது" என்று பையன் அழுகிறான். அவன் கதி என்ன?

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் இரண்டு அனுமானங்கள் உள்ளன. முதலாவது, போதைப்பொருள் அடங்கிய பையோ பெட்டியோ உன் கட்டுப்பாட்டில் இருந்தால், அதை நீ வைத்திருந்தாய், அது என்னவென்றும் உனக்குத் தெரியும் என்று கொள்ளப்படும். இரண்டாவது, ஹெராயின் 15 கிராம், சியாபு 50 கிராம், கஞ்சா 200 கிராம் என்ற அளவை எட்டினால் நீ கடத்தல்காரன் என்று கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உன் தலையில் விழும்.

இந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 1998இலேயே சொன்னது. ஆனால் 2014இல் 37ஏ என்ற பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டு, அடுக்கலாம் என்று ஆக்கப்பட்டது. பையில் இருப்பது அவனுக்குத் தெரியும் என்பதும் ஊகம், அவன் கடத்தினான் என்பதும் ஊகம். முடிவில் தூக்குக் கயிறு மட்டும் நிஜம்!

2019 ஏப்ரல் 5ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் தலைமையில் ஒன்பது நீதிபதிகள் அந்த 37ஏ பிரிவை ரத்து செய்தார்கள். பையோடு விமான நிலையத்தில் பிடிபட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. ஒருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், மற்றவர் தாய்லாந்துக்காரர். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 5ஆவது பிரிவுக்கும், சம உரிமை தரும் 8ஆவது பிரிவுக்கும் 37ஏ முரணானது என்பது தீர்ப்பு.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். அந்த இரண்டு பெண்களும் விடுதலையாகவில்லை. கடத்தல் குற்றம் போய், போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்குச் சிறை கிடைத்தது. ஓர் அனுமானத்தை மட்டும் தனியாகப் பயன்படுத்த இன்றும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அடுத்த படிக்கு அரசுத் தரப்பு சாட்சியம் கொண்டுவந்தாக வேண்டும். நம் பையனுக்குக் கிடைத்திருக்கும் மூச்சு விடும் இடம் அதுதான்.

தண்டனையும் மாறியிருக்கிறது. 1983 முதல் கடத்தல் நிரூபணமானால் கட்டாயத் தூக்கு என்றிருந்தது. 2023 ஜூலை 4 முதல், தூக்கா ஆயுள் சிறையா என்பதை நீதிபதியே முடிவு செய்கிறார். ஆயுள் சிறை என்றால் 30 ஆண்டு. ஆண்களுக்குக் குறைந்தது 12 பிரம்படியும் உண்டு. 20 வயதில் உள்ளே போகிறவன் 50 வயதில் வருவான். அது வாழ்க்கையா?

இன்னொன்று. இந்த மாற்றமெல்லாம் ஜொகூர் பாலத்தோடு முடிகிறது. ஈப்போவைச் சேர்ந்த நம் பிள்ளை நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயினுக்காகச் சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். "இதை அங்கே கொண்டுபோய்க் கொடு, காசு தருகிறேன்" என்று யார் சொன்னாலும், அந்தக் காசு உங்கள் பிள்ளையின் உயிரின் விலை.

சரி, பிடிபட்டால் என்ன செய்வது? நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று: கைதுக்கான காரணத்தைக் கேளுங்கள். குடும்பத்துக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞருடன் பேசவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. போலீஸ் இதைச் சில காரணங்களுக்காகத் தள்ளிவைக்கலாம். ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டு: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே அடிபட்ட காயம் இருந்தால் காட்டுங்கள், வாய்திறந்து சொல்லுங்கள்.

மூன்று: புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கு: ஒய்.பி.ஜி.கே. எனப்படும் தேசியச் சட்ட உதவி அறவாரியம், கைது மற்றும் தடுப்புக் காவல் கட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. தூக்குத் தண்டனைக்குரிய வழக்கில் வசதியில்லாதவருக்கு உயர் நீதிமன்றமும் வழக்கறிஞரை நியமிக்கும். "காசில்லை, லாயர் வைக்க முடியாது" என்று கைகட்டி உட்காராதீர்கள்.

ஒன்பது நீதிபதிகள் தந்த தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. அதை நம் பிள்ளையின் முதல் 24 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டியவர்கள் நாம்தான். இன்று கேட்டதை இன்றிரவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இரவல் மோட்டாரில் ஏறும் முன் இருக்கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.