மருவும் மானமும்
(பூவத்தில் பேசியது)



மறைவிடத்து மருவைப்பற்றிப் பேசப்போகிறோம். வெட்கமாயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள். எழுந்து மட்டும் போகாதீர்கள்.

எச்.பி.வி. என்னும் கிருமி உடலுறவில் தொற்றி இதை உண்டாக்குகிறது. பெரும்பாலும் அதன் 6, 11 ஆம் வகைகளே காரணம். வெளியில் வந்தால் கண்ணுக்குத் தெரியும். யோனிக்குள்ளோ ஆசனவாய்க்குள்ளோ வந்தால், அரிப்போ இரத்தக்கசிவோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வைத்தீஸ்வரன் கோவிலில் உப்பும் மிளகும் கொட்டினால் இது உதிருமா என்று கேட்கின்றோம். சுண்ணாம்பு தடவினால் புண்தான் மிஞ்சும். வெளிமருவுக்கு வாங்கிய மருந்தையும் உள்ளே பூசலாகாது. டாக்டர் அமிலத்தால் பொசுக்குவார், உறையவைத்து அழிப்பார், அல்லது அறுத்தெடுப்பார். திரும்பி வந்தால் திரும்பப் போகவேண்டியதுதான்.

கிருமி வருஷக்கணக்காயும் பதுங்கியிருக்கும். ஆகவே மருவைக் காட்டி மனைவியை நடத்தை கெட்டவள் என்பது மடமை. ஆண்பிள்ளைகளே, நீங்களும் கூடப்போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இக்கிருமியின் 16, 18 ஆம் வகைகளோ கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குபவை. திண்டுக்கல் ஜில்லாவில் கிராமப் பெண்களின் கருப்பைவாயில் காடிநீர் தடவிச் சோதித்து, ஆரம்பத்திலேயே சிகிச்சை செய்தார்கள். அப்புற்றால் வரும் சாவு 100-க்கு 35 குறைந்ததென 2007-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

30 வயதான சகோதரிகளே, காரைக்கால் தூரமில்லை, போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண்களுக்குத் தடுப்பூசி போடுங்கள்.

வெட்கம் எந்த வியாதியையும் தீர்த்ததில்லை, தோழர்களே!